பலகையின் முனை வரை



இன்று நான் பேசப்போவது ஹோபி பில்லிங்ஸ்லி என்ற டைவிங் பயிற்சியாளரைப் பற்றி. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1959 முதல் 1989 வரை முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்தப் பெயரை உங்களில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸைத் தெரிந்திருக்கும். ஸ்பிட்ஸ் படித்தது அதே பல்கலைக்கழகத்தில்தான். அவர் நீந்தி முடித்துக் கரையேறுவார்; இந்தப் பக்கம் பலகைக்குக் கீழே நின்று ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். அவரைத்தான் சொல்கிறேன்.

உடற்கல்வி பயிலும் உங்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள். இரண்டு மூன்று வருடத்தில் ஏதாவது பள்ளியிலோ கல்லூரியிலோ பயிற்சியாளராகப் போய் நிற்பீர்கள். ‘நான் ஆடியவன், எனக்குத் தெரியும்’ என்பதுதான் அப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. அந்தச் சொத்தை எவ்வளவு நம்பலாம்? என் சந்தேகம் அதில்தான். பில்லிங்ஸ்லி நல்ல வீரர். ஆனால் வீரராக இருந்தபோது தன் உடம்பு தனக்குச் சொன்னதை அப்படியே நம்பாமல் போனதால்தான் அவர் பெரிய பயிற்சியாளர் ஆனார் என்று நினைக்கிறேன்.

முதலில் டைவிங் என்ற விளையாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்பிரிங்போர்டு, அதாவது துள்ளித் தரும் பலகை. தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரத்திலும் 3 மீட்டர் உயரத்திலும் இருக்கும். மற்றொன்று பிளாட்ஃபார்ம், அசையாத மேடை. ஒலிம்பிக்கில் அது 10 மீட்டர் உயரம். பத்து மீட்டர் என்பது ஏறக்குறைய மூன்று மாடி. அங்கிருந்து வெறுமனே காலை எடுத்து வைத்தால்கூட ஒன்றரை வினாடிக்குள் தண்ணீரில் இருப்பீர்கள். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். கிணற்று மேட்டிலிருந்து குதித்துப் பழகியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். வயிறு பட விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒன்றரை வினாடியில் வீரர் இரண்டரை, மூன்றரை, நாலரை குட்டிக்கரணம் போடுகிறார். நடுவில் உடம்பைப் பக்கவாட்டில் திருகவும் செய்கிறார். கடைசியில் கை முதலில் இறங்க, உடம்பு நேர்க்கோடாக, தண்ணீர் தெறிக்காமல் உள்ளே போக வேண்டும். நடுவர்கள் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டையும் கீழே ஒன்றிரண்டையும் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கூட்டி, அந்த டைவின் கடினத்துக்கென்று வைத்திருக்கும் எண்ணால் பெருக்குவார்கள்.

இப்போது பயிற்சியாளர் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கிரிக்கெட்டில் ஓவருக்கு நடுவே சொல்லி அனுப்பலாம். கால்பந்தில் கோட்டோரம் நின்று கத்தலாம். கபடியில் நேரம் கேட்டு வாங்கலாம். டைவிங்கில் வீரரின் கால் பலகையின் முனையை விட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பின் எடைமையம் எந்த வளைகோட்டில் போய் எங்கே விழும் என்பது அந்த நொடியிலேயே தீர்மானமாகிவிடும். கோண உந்தம், அதாவது சுழற்சியின் மொத்த அளவு, எவ்வளவு என்பதும் அப்படியே. காற்றில் போன பிறகு வீரரே நினைத்தாலும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அவரால் முடிந்தது, இருக்கிற சுழற்சியை உடம்பைச் சுருக்கியும் விரித்தும் பங்கிட்டுக்கொள்வது மட்டும்தான். அதனால் பயிற்சியாளரின் ராஜ்ஜியம் பலகையின் முனை வரைதான்.

பில்லிங்ஸ்லி பிறந்தது 1926 டிசம்பரில், பென்சில்வேனியா மாநிலத்து ஈரி என்ற ஊரில். அமெரிக்காவைப் பெருமந்தம் போட்டு அமுக்கிய காலத்தில் வளர்ந்த ஏழை வீட்டுப் பையன். ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் டைவிங் என்றால் ஓஹையோதான். அங்கே மைக் பெப்பே என்ற பயிற்சியாளர் நீச்சலையும் டைவிங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, அகில அமெரிக்கக் கல்லூரிப் பட்டத்தைத் தன் அணிக்குப் பதினொரு முறை வாங்கிக் கொடுத்தவர். 1945-ல், கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, பில்லிங்ஸ்லி 1 மீட்டர், 3 மீட்டர் இரண்டிலும் கல்லூரிகளின் தேசிய சாம்பியன் ஆனார். வயது பதினெட்டு.

பிறகு ராணுவம் அழைத்தது. போர் முடிந்த ஜப்பானில் பணியாற்றிவிட்டுத் திரும்பினார். திரும்பி வந்து பார்த்தால் அதே குளத்தில் புரூஸ் ஹார்லன் இருக்கிறார், மில்லர் ஆண்டர்சன் இருக்கிறார். ஆண்டர்சன் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. போர் விமானி. விமானத்திலிருந்து குதிக்கும்போது கால் அடிபட்டு, முழங்காலில் உலோகத் தகடு வைத்துத் தைத்தார்கள். டைவிங்கை முதலிலிருந்து திரும்பக் கற்றுக்கொண்டார். 1948 லண்டன் ஒலிம்பிக் ஸ்பிரிங்போர்டில் ஹார்லனுக்குத் தங்கம், ஆண்டர்சனுக்கு வெள்ளி, சாமி லீக்கு வெண்கலம். மூன்றும் அமெரிக்காவுக்கே. அதே குளத்தில் அவர்களோடு பயிற்சி செய்த பில்லிங்ஸ்லிக்கு ஒலிம்பிக் அணியில் இடமில்லை. வாழ்நாளில் ஒருமுறையும் அவர் வீரராக ஒலிம்பிக்குக்குப் போகவில்லை.

இது அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று சொன்னால் கல்நெஞ்சம் என்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன். தங்கம் வென்றவருக்குத் தான் செய்த முறை சரிதானா என்ற கேள்வியே வராது. சரியாக இல்லாமலா தங்கம் கிடைத்தது? தன்னோடு ஒன்றாகப் பயின்றவர்கள் தன்னைத் தாண்டிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் ‘அவன் செய்தது என்ன, நான் செய்யாதது என்ன’ என்ற அரிப்பு இருக்கும்.

1950-களில் அவர் நீர்க் கண்காட்சிகளில் வேடிக்கை டைவ் அடித்தார், டிராம்போலின் காட்டினார். கோமாளி வேடத்தில் தவறி விழுவதுபோல விழுந்து கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் கலை அது. சிலர் அதை மட்டமான பிழைப்பாக நினைக்கலாம். தவறாக விழுவதைத் தவறாமல் செய்ய வேண்டுமென்றால், உடம்பு காற்றில் எங்கே இருக்கிறது என்று ஒலிம்பிக் வீரரைவிட நுட்பமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தும் உண்டு. ஹார்லனே 1959-ல் ஒரு கண்காட்சி முடிந்து, குதித்த கோபுரத்தைப் பிரிக்கும்போது தவறி விழுந்து இறந்துபோனார். அப்போது அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டைவிங் பயிற்சியாளர். வயது முப்பத்து மூன்று.

அதே 1959-ல்தான் புளூமிங்டன் நகரத்து இண்டியானா பல்கலைக்கழகம் பில்லிங்ஸ்லியை வேலைக்கு எடுத்தது. அங்கே நீச்சல் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன். எல்லோருக்கும் ‘டாக்’. முனைவர் பட்டம் பெற்றவர், தண்ணீருக்கு அடியில் கேமரா வைத்து நீச்சல் வீரர்களின் கை எந்தப் பாதையில் போகிறது என்று படம் எடுத்துப் பார்த்தவர். அதுவரை நீச்சல் பயிற்சியாளரே ஓரக்கண்ணால் டைவிங்கையும் பார்த்துக்கொள்வதுதான் பல கல்லூரிகளில் வழக்கம். கவுன்சில்மன் டைவிங்குக்கென்று தனி ஆள் வேண்டும் என்றார். கல்லூரிப் போட்டிகளில் டைவிங்கில் கிடைக்கும் புள்ளிகள் நீச்சல் அணியின் கணக்கில்தான் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். நீச்சல் பயிற்சியாளருக்கு இதில் சுயநலமும் உண்டு.

ஆரம்பமே சோதனை. இண்டியானாவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் சேர்த்ததில் விதிமீறல் என்று 1960-ல் தண்டனை விதித்தார்கள். தண்டனை கால்பந்துக்கு மட்டும் என்றால் நியாயம். பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து விதித்தார்கள். நாட்டிலேயே வலுவான நீச்சல் அணியை வைத்துக்கொண்டு கல்லூரிகளின் தேசியப் போட்டிக்குள் சில ஆண்டுகள் நுழைய முடியவில்லை. தடை நீங்கிய பிறகு என்ன நடந்தது என்பதைப் பட்டியல் சொல்லும்: 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு தேசியப் பட்டங்கள்; வட்டார அளவிலான பிக் டென் போட்டியில் 1961 முதல் 1980 வரை தொடர்ந்து இருபது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் டைவிங் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்? ‘தலையைப் பின்னால் வீசு, சுழலும்.’ ‘தோளைத் திருப்பு, உடம்பு திரும்பும்.’ இதெல்லாம் பொய்யில்லை. செய்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றியதை அப்படியே அடுத்தவருக்குச் சொன்னார்கள். சொன்னபடி செய்தால் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. வராதவரைப் பார்த்து ‘உனக்குத் திறமை இல்லை’ என்று அனுப்பிவைத்தார்கள். நம்மிடமும் இது உண்டுதானே?

பில்லிங்ஸ்லி நியூட்டனிடம் போனார். டைவிங் உலகம் இன்றைக்கும் அவரை நினைவில் வைத்திருப்பது இயக்க விதிகளை முறையாகப் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர் என்றுதான். பலகையை நீ கீழே அழுத்துகிறாய், பலகை உன்னை மேலே தள்ளுகிறது; இது மூன்றாம் விதி. அந்தத் தள்ளல் உடம்பின் எடைமையத்தின் வழியாக நேராகப் போனால் நீ நேராக மேலே போவாய், சுழல மாட்டாய். மையத்தைவிட்டுச் சற்று விலகிப் போனால் சுழற்சி பிறக்கும். ஆகவே குட்டிக்கரணம் பிறக்கும் இடம் பலகை. காற்றில் தலையை எவ்வளவு வீசினாலும் புதிதாக ஒரு சொட்டுக் கோண உந்தம்கூடக் கிடைக்காது. தலையை வீசும்போது சுழற்சி கூடியதாக வீரருக்குத் தோன்றியதே, அது? பலகையில் இருக்கும்போதே தலையை வீசியிருப்பார்; அதனால் உடம்பு சாய்ந்திருக்கும். காரணம் சாய்வில் இருந்தது, பாராட்டு தலைக்குப் போனது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டால் வேகமாகச் சுழல்வதும், உடம்பை நீட்டினால் சுழற்சி மந்தமாவதும் உங்கள் பிளஸ் ஒன் இயற்பியலில் படித்ததுதான். நிலைமத் திருப்புத்திறன் குறைந்தால் கோணத் திசைவேகம் கூடும். சுவாரசியம் திருகலில் இருக்கிறது. பலகையை விடும்போது துளியும் திருகாமல், வெறும் குட்டிக்கரணச் சுழற்சியோடு மட்டும் கிளம்பிய ஒருவர், காற்றின் நடுவே பம்பரம்போலத் திருகத் தொடங்குகிறாரே, அது எப்படி? பிடித்துத் தள்ள அங்கே ஒன்றுமில்லை. அவர் செய்வது இதுதான்: ஒரு கையைத் தலைக்கு மேலாகவும் மற்றதைக் கீழாகவும் சட்டென்று வீசுகிறார். கைகள் ஒரு பக்கம் போக, உடம்பு எதிர்ப் பக்கம் சில பாகை சாய்கிறது. உடம்பு சாய்ந்தாலும் கோண உந்தம் பழைய திசையிலேயே நிற்கும். அதனால் அதில் ஒரு பங்கு இப்போது உடம்பின் நீளவாக்கு அச்சின் வழியே திருகலாக வெளிப்படுகிறது. கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் திருகலும் நின்றுவிடும். இயற்பியலாளர்களுக்கே இது குழப்பமாகத்தான் இருந்திருக்கிறது. ஸ்பிரிங்போர்டு வீரர்கள் கோண உந்த அழிவின்மை விதியை மீறுகிறார்களா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, 1979-ல் கிளிஃப் ஃபிரோலிக் அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். மீறவில்லை என்பதுதான் விடை. அதற்குப் பல வருடம் முன்பே புளூமிங்டன் குளக்கரையில் பதினெட்டு வயதுப் பையன்களுக்கு இயக்க விதிகளை வைத்து டைவிங் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1960-களில் பில்லிங்ஸ்லி இதையெல்லாம் படங்களோடு ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

விதியைத் தெரிந்துகொண்டால் மட்டும் டைவ் வந்துவிடுமா? வராது. காற்றில் இருக்கும் ஒன்றரை வினாடியில் யாரும் சமன்பாடு போட முடியாது. பயிற்சியில் பெரும்பகுதி தரையில் நடக்கும். டிராம்போலின் மேல் கயிறும் கப்பியும் கட்டி, வீரரின் இடுப்பில் பட்டை போட்டு, கயிற்றின் மறுமுனையைப் பயிற்சியாளர் பிடித்துக்கொள்வார். தப்பாகப் போனால் இழுத்துத் தொங்கவிட்டுவிடலாம். டிராம்போலினே டைவிங்குக்கு உறவுக்காரப் பிள்ளைதான். 1930-களில் அதை உருவாக்கிய ஜார்ஜ் நிசன், அயோவா பல்கலைக்கழகத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரராகவும் டைவிங் வீரராகவும் இருந்தவர்.

தரைப் பயிற்சி என்றதும் சாமி லீ நினைவுக்கு வருகிறார். பில்லிங்ஸ்லி கதைக்கு நேரடித் தொடர்பில்லை, இருந்தாலும் ஒரு நிமிடம். கொரிய வம்சாவளியில் கலிபோர்னியாவில் பிறந்தவர். பாசடீனா ஊர்ப் பொதுக்குளத்தில் வெள்ளையரல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் அனுமதி. மற்ற நாளில் என்ன செய்வது? அவருடைய பயிற்சியாளர் வீட்டுக் கொல்லையில் மணல்குழி வெட்டினார். சாமி லீ மணலில் குதித்துப் பழகினார். 1948-லும் 1952-லும் 10 மீட்டர் மேடையில் தங்கம் வாங்கியவர் அவர்தான். இனவெறி தோண்டவைத்த குழி நல்ல பயிற்சிக் கூடமாக ஆனது என்று இதற்கு மெருகு பூச எனக்கு விருப்பமில்லை. குளம் திறந்திருந்தால் அவர் இன்னும் சீக்கிரம் தங்கம் வென்றிருப்பார்.

தரையிலிருந்து பலகைக்கு வரும்போது பயிற்சியாளரிடம் மிஞ்சுவது குரல். புதிய டைவை முதல்முறை அடிக்கும் வீரருக்கு, சுருண்டு சுழலும்போது வானமும் தண்ணீரும் கலங்கித் தெரியும். எப்போது விரிவது என்று புரியாது. பயிற்சியாளர் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்துவிட்டுச் சரியான கணத்தில் ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் விரிய வேண்டும். கால் வினாடி முந்தினாலும் பிந்தினாலும் முதுகு தண்ணீரில் அடிக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளரின் கை நீளக்கூடிய ஒரே வழி அதுதான். வீரர் அந்தச் சத்தத்தை நம்பித் தன் உடம்பை ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க, ஏன் என்று கேட்கும்போதெல்லாம் காரணத்தோடு பதில் சொல்லியிருக்க வேண்டும். ‘நான் சொல்கிறேன், செய்’ என்பவரின் சத்தத்தை நம்பிப் பத்து மீட்டரிலிருந்து யார் விரிவார்கள்?

பயத்தைப் பற்றிப் பேசாமல் டைவிங்கைப் பேச முடியாது. ரிவர்ஸ் என்று ஒரு வகை. முன்னால் பார்த்து நின்று, முன்னால் தாவி, ஆனால் சுழல்வது பின்பக்கமாக. அதாவது தலை பலகையை நோக்கித் திரும்பி வரும். மிக்கி கிங் என்ற வீராங்கனை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் எட்டு டைவ் முடிந்து முதலிடத்தில் இருந்தார். ஒன்பதாவது ரிவர்ஸ் டைவ். கை பலகையில் மோதி எலும்பு முறிந்தது. முறிந்த கையோடு பத்தாவதையும் அடித்து நான்காம் இடத்துக்கு இறங்கினார். நான்கு வருடம் கழித்து மியூனிக்கில் அவர் தங்கம் வென்றபோது, கடைசியாக அடித்த டைவும் ரிவர்ஸ் வகைதான். 1988 சியோலில் கிரெக் லூகானிஸ் தலை பலகையில் இடித்து ரத்தம் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்; அதுவும் ரிவர்ஸ். தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, அடுத்த நாள் தங்கம் வென்றார். அவருக்கு அருகில் நின்ற பயிற்சியாளர் ரான் ஓ’பிரையனும் ஓஹையோவில் மைக் பெப்பேயின் மாணவர். 1983-ல் எட்மண்டனில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டில் சோவியத் வீரர் செர்கெய் சாலிபாஷ்விலி, மூன்றரைச் சுற்று ரிவர்ஸ் முயன்றபோது மேடையில் தலை மோதி, சில நாளில் இறந்தார்.

இந்தப் பயத்துக்கு ‘தைரியமா இரு’ என்பது மருந்தாகாது. ரிவர்ஸில் பலகையில் இடிப்பவர் பெரும்பாலும் பயத்தாலேயே இடிக்கிறார். சுழற்சி போதாமல் போய்விடுமோ என்ற அவசரத்தில் கால் பலகையில் இருக்கும்போதே உடம்பைப் பின்னால் சாய்க்கிறார். எடைமையத்தின் பாதை பலகையை ஒட்டி வந்துவிடுகிறது. முன்னால் தள்ளிப் போவதும் பின்னால் சுழல்வதும் ஒன்றுக்கொன்று முரணில்லை, இரண்டையும் ஒரே அழுத்தத்தில் பெறலாம் என்று தெரிந்தவருக்கு அந்த அவசரம் குறையும். பில்லிங்ஸ்லியின் நியூட்டன் பாடத்தை நான் மதிப்பது இதற்காகத்தான். காரணம் தெரிந்த பயத்தோடு ஒருவர் பலகை ஏறலாம்.

மிக்கி கிங் பெயர் வந்ததால் அவருடைய பின்கதையும். ஹார்லன் இறந்த பிறகு மிச்சிகனுக்கு வந்த டிக் கிம்பலின் மாணவி அவர். அமெரிக்க விமானப்படையில் அதிகாரி. தங்கம் வென்ற அடுத்த ஆண்டு, 1973-ல், விமானப்படை அகாடமியில் டைவிங் பயிற்சியாளராகப் போனார். அப்போது அந்த அகாடமியில் பெண்களை மாணவர்களாகச் சேர்ப்பதே கிடையாது. 1976-ல்தான் கதவு திறந்தது. மாணவியாக நுழைய முடியாத இடத்தில் ஒரு பெண், ஆண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய மாணவர் ஒருவர் 1974-ல் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் வென்றார். கல்லூரி சாம்பியனான ஆண் வீரருக்குப் பயிற்சி கொடுத்த முதல் பெண் என்று கிங்கைக் குறிப்பிடுகிறார்கள். கர்னலாக ஓய்வு பெற்றார்.

இண்டியானாவிலும் பெண்கள் இருந்தார்கள். 1964 டோக்கியோவில் 10 மீட்டர் மேடையில் தங்கம் வென்ற லெஸ்லி புஷ், அப்போது பதினேழு வயது. அதே டோக்கியோவில் ஆண்கள் ஸ்பிரிங்போர்டில் தங்கம் வென்ற கென் சிட்ஸ்பெர்கர் இண்டியானா மாணவர். 1976-ல் வெண்கலம் பெற்ற சிந்தியா பாட்டர் இருபத்தெட்டு தேசியப் பட்டங்கள் வென்றவர். ஆனால் அந்தப் பெண்கள் கல்லூரி அணிக்காக ஆண்கள் அணி இறங்கிய தேசியப் போட்டியில் இறங்க முடியவில்லை. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பு பெண்களுக்கு நீச்சல், டைவிங் பட்டப் போட்டி தொடங்கியது 1982-ல்தான். பில்லிங்ஸ்லியின் பட்டங்களின் எண்ணிக்கையைச் சொல்பவர்கள் இந்தக் கணக்கில் வராத பெண்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மார்க் லென்ஸி கதைக்கு வருகிறேன். வர்ஜீனியாவில் பள்ளி மல்யுத்த வீரர். 1984-ல், பதினாறு வயதில், தொலைக்காட்சியில் லூகானிஸ் டைவ் அடிப்பதைப் பார்த்தார். மல்யுத்தத்தை விட்டுவிட்டு டைவிங் என்றார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, பையன் கொஞ்ச நாள் வீட்டைவிட்டே வெளியேறினான். டைவிங்கில் பதினாறு என்பது மிகத் தாமதம். அந்தப் பையனுக்கு உதவித்தொகை கொடுத்து இண்டியானாவுக்கு அழைத்தவர் பில்லிங்ஸ்லி. குட்டையான, கட்டான மல்யுத்த உடம்பு. சுருண்டால் சிறிய பந்து. கால்களில் அசுர பலம். பழைய முறைப் பயிற்சியாளர் பார்த்திருந்தால் ‘கோடு அழகாக இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருப்பார். நியூட்டன் கண்ணோடு பார்த்தவருக்கு வேறு தெரிந்தது.

1989-லும் 1990-லும் லென்ஸி 1 மீட்டரில் கல்லூரிச் சாம்பியன். ஒரே டைவில் 100 புள்ளியைத் தாண்டிய முதல் வீரர் என்ற பெயரும் அவருக்கு வந்தது. 1992 பார்சிலோனாவில் 3 மீட்டர் தங்கம். இரண்டாவது இடத்தில் சீனாவின் டான் லியாங்தே. 1984, 1988, 1992 என மூன்று ஒலிம்பிக்கிலும் அவருக்கு வெள்ளிதான். எனக்கு அவர்மேல் ஒரு பரிவு உண்டு. பார்சிலோனா சமயத்தில் பில்லிங்ஸ்லி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. லென்ஸி மிச்சிகனின் டிக் கிம்பலிடம் பயின்றுகொண்டிருந்தார். அப்படியானால் தங்கம் யாருடைய கணக்கில்? இரண்டு பக்கமும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்த்துக்கொள்ளட்டும்.

தங்கத்துக்குப் பிறகு லென்ஸிக்கு மனச்சோர்வு வந்தது, உடம்பு பெருத்தது, விளையாட்டை விட்டார். பிறகு திரும்பி வந்து 1996 அட்லாண்டாவில் வெண்கலம் வென்றார். அந்த ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் எல்லா நடுவர்கள் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் பில்லிங்ஸ்லி. வீரராக ஒலிம்பிக்குக்குப் போகாதவர், அறுபத்தொன்பது வயதில் அந்த மேடையில் நின்றார். லென்ஸி பின்னாளில் கல்லூரி டைவிங் பயிற்சியாளராக வேலை பார்த்தார். 2012-ல் நாற்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். பில்லிங்ஸ்லி 2022 வரை, தொண்ணூற்றைந்து வயது வரை, இருந்தார். புளூமிங்டனில் இன்றுள்ள நீச்சல் வளாகத்துக்குக் கவுன்சில்மன், பில்லிங்ஸ்லி இருவர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

லென்ஸிக்குப் பிறகு ஆண்கள் 3 மீட்டர் தனிநபர் தங்கத்தை எந்த அமெரிக்கரும் வெல்லவில்லை. 2024 பாரிஸில் டைவிங்கில் இருந்த எட்டுத் தங்கத்தையும் சீனா எடுத்துக்கொண்டது. ஆறேழு வயதில் குழந்தையைத் தேர்ந்தெடுத்து, நாள் முழுக்கப் பழக்கும் முறை அங்கே. அதன் முன்னால், பதினெட்டு வயதில் வந்து சேரும் மாணவரை நான்கு வருடம் வைத்துக்கொள்ளும் கல்லூரிப் பயிற்சியாளர் என்ன செய்துவிட முடியும்? 2012 லண்டனில் 10 மீட்டர் தங்கம் வென்ற டேவிட் பவுடியா பர்டியூ பல்கலைக்கழக மாணவர்தான். ஆனால் அவரும் சிறு வயதிலேயே பழகி வந்தவர். பதினாறு வயதில் மல்யுத்தத்திலிருந்து தாவி வந்து தங்கம் வெல்லும் இன்னொரு லென்ஸி இனி வருவார் என்று நான் நினைக்கவில்லை. பதக்கக் கணக்கில் சீன முறை வென்றுவிட்டது, அதில் வாதமே இல்லை.

ஆனால் நீங்கள் போய்ச் சேரப்போகும் பள்ளிகளில், உங்களிடம் வருவது ஆறு வயதில் பொறுக்கியெடுத்த குழந்தைகள் இல்லை. எட்டாம் வகுப்பில், பத்தாம் வகுப்பில், வேறு ஏதோ விளையாட்டிலிருந்து, சில சமயம் எந்த விளையாட்டிலிருந்தும் இல்லாமல் வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன்பு, நீங்கள் நன்றாக ஆடும் ஒரே ஓர் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செர்வ், ஒரு தாண்டல், ஒரு பிடி. அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேராசிரியர் அனுமதித்தால் அந்தத் தாள்களை அடுத்த வாரம் ஒன்றாக உட்கார்ந்து படிக்கலாம்.